மூக்குக் கூர்மை அவசியம்

உள்ளே மீன் பொரிக்கிறார்களா அண்ணாச்சி? சத்தத்தை வைத்துத்தான் கேட்டேன். இல்லை, சாப்பாடெல்லாம் வேண்டாம். தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மகள் ஜெனோவா பாப்பா எப்போது வரும் என்றீர்கள்? பன்னிரண்டு மணியா? அப்படியென்றால் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. நல்லது. உங்களிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். பாப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

என் பெயர் கொம்பையா. துறைமுகம் போகிற பாதையில் ஜெயசீலன் முதலாளியின் ஐஸ் கம்பெனி இருக்கிறதே, அங்கே கம்ப்ரஸர் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருஷம். ராத்திரி ஷிப்ட்தான், கம்ப்ரஸர் ஓடுவதே ராத்திரியில்தான். ஆமாம், மீன்பிடி போட்டுக்கு ஐஸ் ஏற்ற வந்திருப்பீர்கள், என்னைப் பார்த்திருக்கவும் கூடும். போன புரட்டாசியில் உங்கள் மகள் வேலை கேட்டு வந்தபோது, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினது நான்தான். கோபப்படாதீர்கள். கோபப்படுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

கம்ப்ரஸர் ஆபரேட்டர் என்பது பாதி வேலைதான் அண்ணாச்சி. எங்கள் கம்பெனிக்கு ஆள் எடுக்க விளம்பரம் எழுதுகிறவனும் நான்தான். படிப்பு எட்டாவதுதான். ஆனாலும் நான்தான். முன்னால் முதலாளியே எழுதுவார். எப்படி? "ஐஸ் கம்பெனிக்கு ஆட்கள் தேவை. நல்ல சம்பளம். திறமையும் அனுபவமும் உள்ளவர்கள் உடனே அணுகவும்." அவ்வளவுதான். நாற்பது பேர் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அதில் மூன்று பேர் ஐஸ்கிரீம் கம்பெனி என்று நினைத்து வந்தவர்கள். ஒருவன் பி.காம். மறுநாள் வேலைக்கு வந்தது ரெண்டே பேர்.

"இப்படி எழுதினால் ஊரே வரும் முதலாளி, ஆள் வராது" என்றேன். "அப்ப நீ எழுதுடே பாப்போம்" என்றார். எழுதினேன். இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். "பார் ஐஸ் தூக்க ஆறு பேர் தேவை. ஒரு பார் ஐம்பது கிலோ. தரை எப்போதும் ஈரம், வழுக்கும். காலை நாலு மணிக்கு வேலை தொடங்கும். ஞாயிறு லீவு. முதுகு வலி உள்ளவர்கள் வந்து ஏமாற வேண்டாம்." ஒன்பது பேர் வந்தார்கள், ஆறு பேரை எடுத்தோம். ஏழு வருஷம் ஆகிறது, அதில் நாலு பேர் இன்னும் இருக்கிறார்கள்.

வேலையில் எது கஷ்டமோ அதை முதலில் எழுத வேண்டும். அதைப் படித்த பிறகும் கிளம்பி வருகிறான் பாருங்கள், அவன்தான் நம் ஆள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ராத்திரி ஷிப்டில் பழைய பேப்பரில் வருகிற வேலை விளம்பரத்தையெல்லாம் படித்துப் படித்து நானே கண்டுபிடித்தது. அப்புறம் கருவாட்டுக் கம்பெனிக்காரர் எழுதி வாங்கிப் போனார். கல்யாண மண்டபத்துக்காரர் வந்தார். ஒரு பாலர் பள்ளி டீச்சரம்மா ஆயா வேலைக்கு எழுதித் தரச் சொன்னார்கள். "குழந்தைகள் சில நேரம் கடிக்கும்" என்று ஒரு வரி போட்டேன். அந்தம்மா சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அதைப் படித்துவிட்டு வந்த ஆயா இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், போகட்டும். என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஆடி மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்த காய்ச்சல்தான். பத்து நாளில் எழுந்துவிட்டேன். ஒரு நாள் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், என் சம்சாரம் செல்லக்கனி ஓடி வந்து தட்டைப் பிடுங்கினாள். "ஊசிப்போன குழம்பு, கொட்டுறதுக்கு எடுத்து வச்சிருந்தேன், அதைப்போய் ஊத்தித் திங்கிறீகளே! வாடை தெரியலையா?" தெரியவில்லை அண்ணாச்சி. சீயக்காயை முகர்ந்தேன், மண்ணெண்ணெயை முகர்ந்தேன், பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மூக்கு இருந்த இடத்தில் சுவர் வைத்துக் கட்டின மாதிரி.

வேறு யாருக்காவது மூக்கு போனால் கறிக்குழம்பு ருசி போகும், அவ்வளவுதான். எனக்கு அப்படியா? நான் உட்கார்ந்திருப்பது அமோனியா பக்கத்தில், தண்ணீரை ஐஸாக உறையவைக்கிற விஷ வாயு. அது கண்ணுக்குத் தெரியாது, கம்ப்ரஸர் சத்தத்தில் காதுக்கும் எட்டாது. லேசாகக் கசியும்போதே மூக்குதான் பிடிக்கும். கண் எரியும், தொண்டை எரியும், அது எனக்கும் தெரியும். ஆனால் அதெல்லாம் பிறகு. கண் எரிகிறதென்றால் நேரம் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் மீன் பிரிக்கிற கொட்டகை. காலையில் முப்பது பொம்பளைகள் இருப்பார்கள்.

முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால்? மூக்கு இல்லாத ஆபரேட்டரை யார் வைத்துக்கொள்வார்? ஐம்பத்தொரு வயது எனக்கு. எந்த விளம்பரம் என்னைக் கூப்பிடும், சொல்லுங்கள். எழுதுகிற எனக்கே தெரியும், நாற்பதுக்கு மேல் என்றால் யாரும் போனையே எடுக்க மாட்டார்கள்.

அதனால் கந்தகத் திரி வைத்துக்கொண்டேன். உருக்கின கந்தகத்தில் நூலை முக்கி எடுப்பது. கொளுத்திக்கொண்டு வால்வு வால்வாகக் காட்டிக்கொண்டே போனால், கசிவு இருக்கிற இடத்தில் வெள்ளைவெளேரென்று புகை கிளம்பும். மூக்கு செய்கிற வேலையைக் கண் செய்துவிடும். மணிக்கு ஒரு தடவை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் காட்டுவேன். ஒரு நாள் முதலாளி பார்த்துவிட்டார். "என்னடே, கம்ப்ரஸருக்குச் சூடம் காட்டுதியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ரெண்டாவது கம்ப்ரஸர் வாங்கிப் போட்டார். இன்னொரு ஆபரேட்டர் வேண்டும், விளம்பரம் எழுது என்றார். எனக்குக் கடவுளே கண் திறந்த மாதிரி இருந்தது. நல்ல மூக்கு உள்ள ஒரு ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் போதும். வேலை எனக்குத் தெரியும், வாசனை அவனுக்குத் தெரியும். ரெண்டும் சேர்ந்தால் ஒரு முழு ஆபரேட்டர். யாருக்கு என்ன நஷ்டம்?

எழுதினேன். "அமோனியா கம்ப்ரஸர் பார்க்க ஒருவர் தேவை. ஆண், பெண் யாரும் வரலாம். பன்னிரண்டு மணி நேர வேலை. இடத்தைவிட்டு நகரக் கூடாது. சத்தம் அதிகம். மூக்குக் கூர்மை அவசியம். சளி, சைனஸ் தொந்தரவு உள்ளவர்கள் வர வேண்டாம்."

முதலாளி படித்துவிட்டு, "என்னடே, மோப்ப நாய்க்கா விளம்பரம் கொடுக்க?" என்றார். "கசிவு வந்தால் மூக்குதானே முதலாளி பிடிக்கணும்" என்றேன். அவர் என் தோளில் தட்டினார். "உன்னை மாதிரி ஒருத்தன் அங்க இருக்கதாலதான்டே நான் வீட்டுல தூங்குதேன்" என்றார். அந்த வார்த்தை, அண்ணாச்சி, இன்னும் என் முதுகில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விளம்பரத்தில் எழுதினால் மட்டும் போதாது, சோதிக்க வேண்டும் இல்லையா. சும்மா "மூக்கு நல்லா இருக்கா" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். அதனால் காலை எட்டு மணிக்கு, துவைத்த கர்ச்சீப் ஒன்றில் அமோனியா கலந்த தண்ணீரை ஒரே ஒரு சொட்டு விட்டேன். நிறைய விட்டால் எருமைக்குக்கூடத் தெரியும். லேசாக இருப்பதைக் கண்டுபிடிக்கிறவன்தான் எனக்கு வேண்டும். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். நாலு பேர் வந்தார்கள்.

முதலில் ஒரு பிரியாணி மாஸ்டர். முகர்ந்துவிட்டு, "நல்லா வெளுத்த துணி அண்ணாச்சி, வேற ஒண்ணும் இல்ல" என்றார். பாவம், அடுப்புப் புகையில் மூக்கு போயிருக்கும் என்று நினைத்தேன். ரெண்டாவது ஐ.டி.ஐ. படித்த ஒருவர். மூன்று தடவை முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல, மன்னிச்சுக்கிடுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

மூன்றாவது உங்கள் மகள். சர்டிபிகேட் எல்லாம் வைத்திருந்தது. இறால் கம்பெனியில் நாலு வருஷம் கம்ப்ரஸர் பார்த்த அனுபவம் வேறு. கர்ச்சீப்பை முகர்ந்தது, மடித்தது, திருப்பிக் கொடுத்தது. "இதுல சோப்பு வாசம்தான் வருது அண்ணாச்சி" என்றது. சரி, இதுவும் தேறாது என்று நினைக்கிறேன், அப்போது பாப்பா ஒரு கேள்வி கேட்டது. "உங்க சட்டையில கந்தக வாசம் வருதே. திரி கொளுத்துனீங்களா? எங்கயும் கசிவு இருக்கா?"

"தீப்பெட்டி வாசமா இருக்கும்மா" என்றேன். பாப்பா என்னையே பார்த்தது.

முதலாளியிடம் போய், "அந்தப் பொண்ணுக்கு மூக்கு சரியில்லை முதலாளி" என்று சொல்லிவிட்டேன். சோதனை என்றால் எல்லோருக்கும் ஒரே சோதனைதானே? கர்ச்சீப்பில் இருந்ததைச் சொல்லவில்லை, அதனால் எடுக்கவில்லை. கந்தக விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்படிப் பார்க்காதீர்கள் அண்ணாச்சி. சம்பந்தம் இல்லை.

நாலாவதாக வந்தவன் அருள்ஜோதி. இருபத்தெட்டு வயது, ரெண்டு பிள்ளைகள். கர்ச்சீப்பை மூக்கில் வைத்தான். என் முகத்தைப் பார்த்தான். கண்ணை மூடினான். "அமோனியா! சும்மா ஜிவ்வுனு ஏறுதே அண்ணாச்சி!" என்றான். எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றைக்கே திரி கொளுத்துவதை நிறுத்தினேன். எதற்கு? பாப்பா கண்டுபிடித்த மாதிரி நாளைக்கு வேறு யாராவது சட்டையை முகர்ந்துவிட்டால்? அதுதான் நல்ல மூக்கு ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதே.

நல்ல பையன் அண்ணாச்சி. எது சொன்னாலும் "சரி அண்ணாச்சி". எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. இப்படி ஒரு ஆளைப் பிடித்தேனே என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. டீ வாங்கிக் குடித்துக்கொண்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டு. ஐப்பசி பிறந்த பிறகு அவன் அடிக்கடி கண்ணைக் கசக்குவான். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அடிக்கடி எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வருவான். வீட்டுக்குப் போன் பேசப் போகிறான் என்று நினைத்தேன். எனக்கும் கண் கொஞ்சம் உறுத்தியது. கண்ணாடி மாற்ற வேண்டும், வயதாகிறது என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, பாருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. மழை விட்டு, காற்று திசை மாறி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம். முதலில் ஒருத்தி, பிறகு நாலைந்து பேர், பிறகு ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தேன். பொம்பளைகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மழைத் தண்ணீரில் ஓடுகிறார்கள். பாக்கியம் என்று ஒரு அக்கா மீன் கூடைமேல் குப்புற விழுந்து கிடந்தார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை அவர்களால்.

ஈரச்சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் நான்தான் அடைத்தேன். வால்வின் கழுத்தைச் சுற்றியிருக்கிற அடைப்புக் கயிறு நைந்து போயிருந்தது. அது ஒரு நாளில் நைகிற கயிறு இல்லை அண்ணாச்சி.

அருள்ஜோதியைச் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். "உனக்கு மூக்கு இருக்கா இல்லையாடே?" என்றேன்.

"இருக்கு அண்ணாச்சி."

"அப்ப வாசம் தெரியலையா?"

"தெரிஞ்சுதே! பதினோரு நாளா தெரியுது."

"ஏம்டே சொல்லல?"

அவன் முழித்தான். "நீங்க சும்மா இருந்தீங்களே அண்ணாச்சி. என் பக்கத்துலதான் உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தீங்க. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நீங்களே அசையல, அப்ப ஐஸ் கம்பெனின்னா இப்படித்தான் இருக்கும்போலனு நினைச்சிக்கிட்டேன். எனக்குத்தான் பழகலனு வெளிய போய் நின்னுட்டு நின்னுட்டு வந்தேன்."

வேறு எதையாவது கேட்க வேண்டும் என்று, "அன்னைக்குக் கர்ச்சீப்புல மட்டும் எப்படிடே சொன்ன?" என்றேன்.

"அதுல ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. சோப்பு வாசம்தான் வந்துச்சு. நீங்க என் முகத்தை அவ்வளவு ஆசையா பாத்தீங்க. விளம்பரத்துல மூக்குனு போட்டிருந்துச்சு. கம்பெனில வேற என்ன இருக்கும், அமோனியாதானேன்னு அடிச்சு விட்டேன்."

காலை எட்டு மணிக்கு விட்ட ஒரு சொட்டு பதினொரு மணி வரை துணியில் இருக்குமா? ஆவியாகிப் போயிருக்கிறது. முகர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யார் முகர்வது? உண்மையைச் சொன்ன மூன்று பேரையும் நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பிடித்ததைச் சொன்ன ஒருவனைத் தேடி எடுத்து, முப்பது பொம்பளைகளின் உயிருக்குக் காவல் வைத்திருக்கிறேன்.

பாக்கியம் அக்கா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பார்வை திரும்பிவிடும் என்றுதான் சொல்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். "நீதானாமே உள்ள போய் அடச்சவன், நீ நல்லா இருக்கணும்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

முதலாளி அருள்ஜோதியை அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார். எல்லோர் முன்னாலும்தான். "பதினோரு நாளா மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தியா?" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவன் வேலை திரும்பி வருமா, நீங்களே சொல்லுங்கள். போகும்போது அவன் என்னிடம் வந்து, "உங்களை மாதிரி தைரியம் எனக்கு வராது அண்ணாச்சி, அந்த நெடிக்குள்ள எப்படித்தான் உக்காந்திருந்தீங்களோ" என்று சொல்லிவிட்டுப் போனான். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னான்.

வியாழக்கிழமையிலிருந்து கம்பெனி மறுபடி ஓடுகிறது, நின்ற ரெண்டு நாளைச் சரிக்கட்ட ராத்திரி பகலாக. நான் வீட்டுக்கே போகவில்லை. திரி கொளுத்திக் கொளுத்தி விரலைப் பாருங்கள், எப்படிக் கன்றிப் போயிருக்கிறது. கண்ணை மூடினால் இருமல் சத்தம் கேட்கிறது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது அண்ணாச்சி. சுத்தமான காற்றா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாதே. இங்கே உட்கார்ந்திருக்கும்போதுகூடத் தெரியாதே.

முதலாளி மறுபடி விளம்பரம் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், இதோ. ஆனால் இதை நான் வெளியே கொடுக்கப் போவதில்லை. ஆள்தான் எனக்குத் தெரியுமே. பாப்பாவே வரட்டும். பாப்பா மூக்கு, நான் கை. வாசம் வந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். முதலாளிக்கு மட்டும் தெரிய வேண்டாம். அதைத்தான் நீங்கள் பாப்பாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அப்பா சொன்னால் கேட்கும். ஏன் அண்ணாச்சி எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். நான் தப்பாக என்ன கேட்டுவிட்டேன்?

வண்டிச் சத்தம் கேட்கிறது. அதற்குள் வந்துவிட்டதா?

வாம்மா. நான் கொம்பையா. ஞாபகம் இருக்கிறதா? உட்காரம்மா. இல்லை, நீ நிற்கிறாய் என்றால் நானும் நிற்கிறேன். அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீ சொன்னது சரிதான், சோப்பு வாசம்தான். எனக்கு மூக்கு வேலை செய்யாது தாயி. ஆடியிலிருந்தே அப்படித்தான். அதனால் நீ வந்து... இல்லை, இந்தத் தாளை முதலில் படி. "ஒருவர் தேவை" என்று போட்டிருக்கிறேன், அது நீதான்.

என்ன? எந்த வேலைக்கா? என்கூட உட்காருகிற வேலைக்குத்தான். என் வேலைக்கு இல்லை. என் வேலைக்குத்தான் நான் இருக்கிறேனே.

இப்போதா? இப்போது கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சேர்மதுரையை உட்காரவைத்துவிட்டு வந்தேன். ஐஸ் தூக்குகிற பையன். மீட்டர் முள் சிவப்புக்குப் போனால் போன் பண்ணு என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அவ்வளவாக ஒன்றும் தெரியாது. வாசம் வந்தால்? அதைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பானே. திரியா? திரி என் பையில் இருக்கிறது. அங்கே வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எடுத்து வந்துவிட்டேன்.

பொம்பளைகள் வந்திருக்கிறார்கள், ஆமாம். இன்றைக்குச் சனிக்கிழமை, லோடு அதிகம். கூட ஒரு பத்துப் பேர் வந்திருப்பார்கள்.

ஏன் தாயி அப்படிப் பார்க்கிறாய்? புதுக் கயிறு போட்டிருக்கிறேன், நன்றாகத்தான் முடுக்கினேன். கசியாமல் பிடித்திருக்கிறதா என்றா? பிடித்திருக்கும். பிடித்திருக்க வேண்டும். எனக்கு எப்படித் தாயி தெரியும்?

யாருக்குப் போன் பண்ணுகிறாய்? முதலாளி நம்பர் அந்தத் தாளில் கீழே இருக்கிறது, நான்தான் எழுதினேன். வேண்டாம் தாயி. கொஞ்சம் பொறு. ஒரு நிமிஷம் பொறு, கும்பிடுகிறேன். அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்கள். மணி அடிக்கிறதா? எடுத்துவிட்டாரா?

கொடு. என்னிடம் கொடு தாயி. நானே பேசுகிறேன். வேண்டாம், நீயே என் காதில் பிடித்துக்கொள்.

முதலாளி, நான் கொம்பையா. கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லுங்கள். ரெண்டையும். கொட்டகையில் இருக்கிறவர்களை வெளியே வரச் சொல்லுங்கள், முதலில் அதைச் செய்யுங்கள். இல்லை, நான் அங்கே இல்லை. கசிவு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றால் தெரியாதுதான் முதலாளி. எனக்கு வாசனை தெரியாது.

இல்லை, செவ்வாய்க்கிழமையிலிருந்து இல்லை. அந்தப் பையன் அருள்ஜோதி வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே.